மாரிக்கு முன் தாதியருக்குத் தொற்றுத்தடுப்புப் பயிற்சி: மண்டபத்தை விட்டு விடுதிக்கு வாருங்கள்

கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இது: திருகோணமலை மாவட்டத்து ஆதார வைத்தியசாலை ஒன்றில் ஒரு தாதி உத்தியோகத்தருக்குத் தொற்றுக் கட்டுப்பாட்டுப் பொறுப்பு புதிதாகக் கிடைத்திருக்கிறது. மாரி தொடங்க முன்னர் எல்லா விடுதித் தாதியருக்கும் தொற்றுநோய்க் கட்டுப்பாடு பற்றிப் பயிற்சி கொடுக்க வேண்டும். மண்டபத்தில் ஒரு நாள், ஐம்பது ஸ்லைடு, பின்னேரம் சான்றிதழ் என்று திட்டம் போட்டிருக்கிறார். போதுமா என்று கேட்கிறார்.

போதாது. காசநோய் காற்றால் பரவும், எலிக்காய்ச்சல் எலியின் சிறுநீர் கலந்த சேற்றால் வரும், டெங்கு நுளம்பு பகலில் கடிக்கும் என்பதெல்லாம் தாதியர் கல்லூரியிலேயே பரீட்சை எழுதித் தேறிய விஷயங்கள். விடுதியில் தொற்றுப் பரவுவது இவை தெரியாததால் வருவது மிகக் குறைவு. 12ஆம் கட்டில் சேலைனைத் தொட்ட அதே கையுறையோடு 13ஆம் கட்டில் கனுலாவை (நாளத்தில் செருகிய குழாயை) தொடும்போது வருகிறது. குளோரின் வாளியைக் காலையில் கண் அளவில் கலக்கும்போது வருகிறது. தொற்றுநோயாளி பற்றிச் சுகாதார அலுவலகத்துக்கு அனுப்பும் அறிவித்தல் படிவத்தில் முகவரிக்கு நேரே "கிண்ணியா" என்று மட்டும் எழுதி அனுப்பும்போது வருகிறது. ஆகவே பாடத்தை நோய்களின் பட்டியலாக அடுக்காமல், ஒரு டியூட்டியில் தாதி செய்யும் வேலைகளின் வரிசையில் அடுக்குங்கள். ஒரு வேலைக்கு 20 நிமிடம், அந்த விடுதியிலேயே, டியூட்டி மாறும் நேரத்தை ஒட்டி. ஒரே பாடம் மூன்று டியூட்டிக்கும் போக வேண்டும். இரவு டியூட்டிக்காரரை விட்டுவிட்டால் பாதிப் பயிற்சி வீண், ஏனெனில் ஆள் குறைந்து அவசரம் கூடும் நேரம் அதுதான்.

கற்பிக்க முன்னர் பாருங்கள். கை சுத்தம் செய்ய வேண்டிய, உலக சுகாதார நிறுவனத்தின் ஐந்து தருணங்கள் எல்லோருக்கும் மனப்பாடம்: நோயாளியைத் தொட முன், சுத்தமான செயன்முறைக்கு முன், உடற்திரவம் பட்ட பின், நோயாளியைத் தொட்ட பின், நோயாளியைச் சூழ்ந்துள்ள பொருட்களைத் தொட்ட பின். ஒரு மூலையில் நின்று, ஒவ்வொரு தருணத்துக்கும் கை சுத்தம் செய்யப்பட்டதா இல்லையா என்று கோடு போடுங்கள். ஒரு தடவைக்கு 20 நிமிடமளவில், ஒரு விடுதிக்கு மொத்தம் 200 தருணங்கள் வரும்வரை. செய்தது எத்தனை என்பதை மொத்தத் தருணங்களால் பிரித்து 100ஆல் பெருக்கினால் உங்கள் சதவீதம். பெயர் எழுத வேண்டாம். பெயர் எழுதினால் அடுத்த நாளே உங்களைக் கண்டதும் எல்லோரும் கை கழுவுவார்கள், கணக்கு பொய்யாகும்.

அந்தப் பொய்யைப் பிடிக்க இன்னொரு கணக்கு இருக்கிறது. கை தேய்க்கும் அல்ககோல் திரவம் மாதத்தில் எவ்வளவு முடிந்தது என்று களஞ்சியத்தில் கேளுங்கள். 1000 நோயாளி நாட்களுக்கு 20 லீற்றர் என்பது பொதுவாக எடுக்கும் அளவுகோல். 30 கட்டில் நிரம்பிய விடுதியில் ஒரு மாதத்துக்கு 900 நோயாளி நாட்கள். அப்படியானால் 18 லீற்றர், அதாவது 500 மில்லிலீற்றர் போத்தல் 36 முடிய வேண்டும். நாலு போத்தல்தான் வாங்கப்பட்டிருக்கிறது என்றால் விரிவுரை வேண்டியதில்லை, அந்த எண்ணைச் சுவரில் எழுதிப் போட்டாலே போதும். போத்தல் எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்றும் பாருங்கள். மேசையில் ஒன்று, கைகழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் ஒன்று என்றால் யாரும் நடந்து போய் எடுக்க மாட்டார்கள். கட்டிலின் கால்மாட்டிலும் ட்ரொலியிலும் இருக்க வேண்டும். அல்ககோல் தீப்பற்றும் என்பதால் சுடுகருவிக்கும் வெயில் விழும் யன்னலுக்கும் தூரமாக.

கை தேய்க்கும் பயிற்சிக்கு விலை கூடிய ஒளிரும் ஜெல் வேண்டாம். பிள்ளைகள் படம் கீறும் போஸ்டர் வர்ணம் ஒரு போத்தல், கையுறைகள், கண்ணைக் கட்ட ஒரு துணி. கையுறை போட்ட கையில் வர்ணத்தை ஊற்றி, கண்ணைக் கட்டி, அல்ககோல் தேய்ப்பது போலத் தேய்க்கச் சொல்லுங்கள். துணியை அவிழ்த்தால் பெருவிரலைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் கைப்புறத்திலும் வர்ணம் படாத வெள்ளைத் திட்டுகள் தெரியும். வலக்கைக்காரருக்கு வலது பெருவிரலில்தான் பெரும்பாலும் விடுபடும். கனுலா போடும்போது அழுத்திப் பிடிப்பது அதே விரல்தான் என்பதை அந்த நேரத்தில் சொல்லுங்கள், மறக்க மாட்டார்கள். அளவு: உள்ளங்கை நிறைய, 3 மில்லிலீற்றரளவு, கை காயும்வரை 20 முதல் 30 செக்கன். சவர்க்காரமும் தண்ணீரும் என்றால் 40 முதல் 60 செக்கன். கையில் அழுக்கோ இரத்தமோ தெரிந்தாலும் வயிற்றோட்ட நோயாளியைப் பார்த்தாலும் சவர்க்காரம்தான். அல்ககோல் அங்கே நம்பத்தக்கதல்ல.

இங்கே இரண்டு சங்கடங்கள் வரும். ஒன்று, கையில் கட்டிய கோயில் நூல், மெல்லிய காப்பு, கல்யாண மோதிரம். நனைந்த நூல் நாள்முழுக்க ஈரமாகவே இருக்கும், மணிக்கட்டு கழுவப்படாது. அறுத்துப் போடு என்றால் சண்டைதான் வரும். முழங்கைக்கு மேலே ஏற்றிக் கட்டச் சொல்லுங்கள், பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள். மற்றது, அல்ககோல் கலந்தது என்ற தயக்கம். கிண்ணியா, மூதூர்ப் பக்கம் மட்டுமல்ல, எங்கும் சிலருக்கு இருக்கும். உலக சுகாதார நிறுவனத்தின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டியே சமய நோக்கில் இந்தக் கேள்வியைத் தனியாக எடுத்துப் பேசியிருக்கிறது. வகுப்பில் எல்லோர் முன்னும் விவாதிக்காமல், ஏற்கெனவே பாவிக்கிற மூத்த முஸ்லிம் தாதி ஒருவரைத் தனியாகப் பேசவிடுவது பலனளிக்கும்.

கையுறை பற்றி ஒரே ஒரு விதி போதும்: கையுறை கை சுத்தத்துக்குப் பதிலாகாது. போட முன்னும் கழற்றிய பின்னும் கை தேய்க்க வேண்டும். கையுறைக்கு மேலேயே அல்ககோல் தேய்த்துக்கொண்டு கட்டில் கட்டிலாகப் போவது பெருந்தொற்றுக் காலத்தில் பரவிய பழக்கம், அந்தப் பழக்கத்தை வெளிப்படையாகச் சொல்லித் தடுங்கள்.

அடுத்தது குளோரின். பயிற்சித் திட்டங்களில் இதற்கு ஒரு ஸ்லைடுதான் ஒதுக்குவார்கள். என் கணிப்பில் இதற்கு ஒரு முழு அமர்வு வேண்டும். அதிலும் சுகாதார உதவியாளர்கள் கட்டாயம் இருக்க வேண்டும். கலப்பது அவர்கள், பொறுப்பு தாதிக்கு.

நம் பக்கத்தில் பொதுவாகக் கிடைப்பது ரி.சி.எல். பவுடர், அதாவது வெளிற்றும் தூள். புதிதாகத் திறந்ததில் ஏறக்குறைய 30 சதவீதம் குளோரின் இருக்கும். கணக்கு: வேண்டிய சதவீதத்தைப் பவுடரிலுள்ள சதவீதத்தால் பிரித்து 1000ஆல் பெருக்கினால் ஒரு லீற்றருக்கு எத்தனை கிராம் என்று வரும். தரை, மேசை, கட்டில் சட்டம் துடைக்க 0.1 சதவீதம்: லீற்றருக்கு 3.3 கிராம், 10 லீற்றர் வாளிக்கு 33 கிராம். இரத்தம் சிந்திய இடத்துக்கு 0.5 சதவீதம்: லீற்றருக்கு 17 கிராமளவு, வாளிக்கு 167 கிராம். போத்தலில் வரும் 5 சதவீதத் திரவமென்றால், 0.5 சதவீதத்துக்கு ஒரு பங்கு திரவம் 9 பங்கு தண்ணீர், 0.1 சதவீதத்துக்கு ஒரு பங்குக்கு 49 பங்கு. வேறு செறிவுள்ள போத்தல் வந்தால் கணக்கு மாறும், லேபலை வாசிக்கப் பழக்குங்கள்.

கரண்டிக் கணக்குச் சொல்லாதீர்கள். கரண்டிக்குக் கரண்டி அளவு வேறு. மருந்தகத் தராசில் 33 கிராமை ஒருமுறை நிறுத்து, ஒரு பிளாஸ்டிக் கோப்பையில் போட்டு, மட்டத்தில் மார்க்கர் கோடு போட்டு விடுதிக்குக் கொடுங்கள். வாளியிலும் 10 லீற்றர் கோடு வேண்டும். பவுடரை முதலில் கொஞ்சத் தண்ணீரில் குழைத்து, மிச்சத் தண்ணீரைச் சேர்த்துக் கலக்கி, அடியில் மண்டி தங்கியபின் மேல் தெளிவைப் பாவிக்க வேண்டும். மண்டியோடு துடைத்தால் வெள்ளைப் படிவு நிற்கும், யாரோ முறைப்பாடு செய்ய, அடுத்த நாளிலிருந்து குறைத்துப் போடுவார்கள். அப்படித்தான் பல விடுதிகளில் செறிவு மெல்லமெல்ல இறங்குகிறது.

பிழைக்கும் இடங்கள் இன்னும் உண்டு. மூடி திறந்த பவுடர் கடற்காற்றின் ஈரத்தில் குளோரினை இழந்துவிடும். இறுக மூடி, இருட்டான, காய்ந்த இடத்தில் வைக்க வேண்டும். கலந்த திரவம் அன்றைக்கு மட்டும், அதுவும் மூடிய பாத்திரத்தில். அழுக்கின் மேல் ஊற்றினால் குளோரின் அழுக்கோடேயே தீர்ந்துபோகும். முதலில் சவர்க்காரத் தண்ணீர், அலசல், பிறகுதான் குளோரின். ஊற்றியவுடன் துடைத்தெடுப்பதும் வீண், 10 நிமிடம் ஈரமாக நிற்க வேண்டும். அமிலக் கழுவியோடும் தேங்கிய சிறுநீரோடும் கலந்தால் நச்சு வாயு எழும். இரத்தம் சிந்தினால்: கையுறை, உறிஞ்சும் துணியால் மூடி எடுத்துத் தொற்றுக் கழிவில் போடுதல், பிறகு 0.5 சதவீதம் ஊற்றி 10 நிமிடம், பிறகு துடைத்தல். போத்தலில் அடைத்து விசிற வேண்டாம், விசிறுபவரின் கண்ணும் நெஞ்சும்தான் எரியும்.

தனிமைப்படுத்தலை விரிவுரையாகச் சொல்லாமல் ஒரு விளையாட்டாக நடத்துங்கள். விடுதியின் வரைபடத்தைக் கடதாசியில் கீறி, நாலு அட்டை கொடுங்கள். ஒன்று, குச்சவெளி மீனவர், மூன்று கிழமை இருமல், மெலிவு. இரண்டு, 24 வயது இளைஞர், காய்ச்சல், சிவந்த கண், முகத்திலிருந்து இறங்கும் சொறி. மூன்று, தம்பலகாமம் விவசாயி, காய்ச்சல், கெண்டைக்கால் நோ, சிறுநீர் குறைவு. நாலு, கிண்ணியாவிலிருந்து மூன்றாம் நாள் காய்ச்சலோடு ஒரு பெண்பிள்ளை, டெங்கு சந்தேகம். தனி அறை ஒன்றுதான் இருக்கிறது. யாரை எங்கே போடுவீர்கள்?

பெரும்பாலானோர் எலிக்காய்ச்சல் விவசாயியை அறைக்குள் போடுவார்கள், பார்க்கப் பயமாக இருப்பதால். எலிக்காய்ச்சல் ஆளிலிருந்து ஆளுக்கு நடைமுறையில் பரவாது. அவருக்கு வழமையான முன்னெச்சரிக்கையே போதும், சிறுநீரைக் கையாளும்போது கையுறை. அறை சின்னமுத்து சந்தேகத்துக்குரிய இளைஞருக்கு. அந்த வைரஸ் ஆள் போனபிறகும் இரண்டு மணி நேரம் வரை காற்றில் நிற்கும். சொறி தோன்ற 4 நாள் முன்பிருந்து தோன்றிய 4 நாள் வரை பரவும். இலங்கைக்கு 2019இல் சின்னமுத்து ஒழிப்புச் சான்றிதழ் கிடைத்தது, ஆனால் 2023இல் திரும்ப வந்தது. "இப்ப அது இல்லைத்தானே" என்பவருக்கு இதைச் சொல்லுங்கள். காசநோய் சந்தேக மீனவரை அதே அறையில் சேர்க்கக் கூடாது. அவருக்குச் சத்திரசிகிச்சை முகக்கவசம், இரு பக்கமும் யன்னல் திறந்த விறாந்தைப் பக்கக் கடைசிக் கட்டில், மின்விசிறி வெளியே ஊதும்படி. பக்கத்தில் நீரிழிவு நோயாளியோ ஸ்டீரொயிட் எடுப்பவரோ வேண்டாம். சளி மாதிரி கழிவறைக்குள் எடுக்காமல் திறந்த வெளியில் எடுக்க வேண்டும். ஏசி போட்டு மூடிய அறை, காற்று வெளியேற வழியில்லாவிட்டால், திறந்த விறாந்தையை விட மோசம்.

நாலாவது அட்டைதான் அதிகம் தவறுவது. டெங்கு என்றவுடன் திரவ அட்டவணைக்குப் போய்விடுவார்கள், அது சரிதான். ஆனால் காய்ச்சல் நாட்களில் அந்தப் பிள்ளையின் இரத்தத்தில் வைரஸ் இருக்கிறது, விடுதியில் நுளம்பும் இருக்கிறது. பகலில் நுளம்பு வலை வேண்டும். இரவில் கட்டி விடிய அவிழ்ப்பது வழக்கமாகிவிட்டது. 2017 மார்ச் மாதமளவில் கிண்ணியாவை டெங்கு உலுக்கியபோது பார்த்தவர்களுக்கு, ஒரு கட்டிலில் இரண்டு பேர் கிடக்கும்போது வலை கட்டுவது எவ்வளவு கடினம் என்பது தெரியும். அதனால்தான் வலை தொங்கும் கம்பியை மாரிக்கு முன்பே சரிபார்க்க வேண்டும். முட்டை வளர்ந்து நுளம்பாக ஒரு கிழமை முதல் பத்து நாள் போதும். ஆகவே கிழமைக்கு ஒருமுறை, குறித்த ஒரு நாளில், குளிர்சாதனப் பெட்டியின் பின்தட்டு, ஏசி தட்டு, பீலி, விடுதிக்குப் பின்னால் எறிந்த சேலைன் போத்தல், பூச்சாடித் தட்டு ஆகியவற்றை ஒருவர் பார்த்துக் கையொப்பமிட வேண்டும். தண்ணீரை ஊற்றினால் மட்டும் போதாது, உட்பக்கத்தைத் தேய்க்க வேண்டும். ஒட்டிய முட்டை காய்ந்தே மாதக்கணக்கில் உயிரோடிருக்கும்.

கவசங்களைக் கழற்றும் ஒழுங்கை ஒருவர் செய்ய மற்றவர் வாசிக்க வேண்டும்: கையுறை, கை தேய்ப்பு, மேலங்கி, கை தேய்ப்பு, கண்ணாடி, அறைக்கு வெளியே வந்து என்95, மறுபடி கை தேய்ப்பு. என்95 முன்பக்கத்தைத் தொடாமல் பின்பட்டியால் கழற்ற வேண்டும். போடும்போது ஒவ்வொரு தடவையும் ஊதிப் பார்த்துக் காற்று ஒழுகுகிறதா என்று சோதிக்க வேண்டும்.

இனி அறிவித்தல். 1897ஆம் ஆண்டின் தனிமைப்படுத்தல், நோய்த்தடுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் இது சட்டக் கடமை. படிவம் எச் 544 என்பது எல்லோருக்கும் தெரியும். எப்போது எழுதுவது என்பதில்தான் குழப்பம். சந்தேகம் வந்தவுடன். ஆய்வுகூட முடிவுக்குக் காத்திருப்பதுதான் பெரிய பிழை. டெங்கு என்று முடிவு வர மூன்று நாள், படிவம் போக ஒரு நாள், அதற்குள் வீட்டைச் சுற்றி இன்னொரு தலைமுறை நுளம்பு பறக்கும். பின்னர் வேறு நோய் என்று தெரிந்தால் திருத்தி அறிவிக்கலாம், அதில் வெட்கமில்லை.

முகவரிதான் உயிர். படிவம் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகத்துக்குப் போய், அங்கிருந்து பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளில் அந்த வீட்டைத் தேடிப் போகிறார் என்பதை நினைத்து எழுத வேண்டும். கிராம உத்தியோகத்தர் பிரிவு, ஒழுங்கை, பக்கத்திலுள்ள பள்ளிவாசல் அல்லது கோயில் அல்லது பாடசாலை, எடுக்கப்படும் தொலைபேசி எண். அடையாள அட்டை முகவரியைப் பார்த்து எழுதக் கூடாது. அது வெருகலாக இருக்கும், ஆள் மூன்று மாதமாக உப்புவெளி ஹோட்டலில் வேலை செய்வார். டெங்கு கடித்து 4 முதல் 10 நாளில் காய்ச்சல் வருவதால் கேட்க வேண்டிய கேள்வி: "காய்ச்சல் தொடங்க முந்தின பத்து நாளும் எங்க படுத்தெழும்பினீங்க?" எலிக்காய்ச்சலுக்கு இன்னும் பின்னே போக வேண்டும்: "போன மாதம் வயலுக்க இறங்கினீங்களா, வாய்க்கால் வெட்டினீங்களா?" இந்த இரண்டையும் தமிழிலும் சிங்களத்திலும் படிவக் கட்டின் அட்டையில் எழுதி ஒட்டுங்கள். வெளி மாவட்டத்திலிருந்து வந்த தாதிக்குத் தமிழ் வராது, சேருவிலைக்காரரிடம் கேட்க நம் பிள்ளைகளுக்குச் சிங்களம் தடுமாறும்.

மாற்றி அனுப்பும் நோயாளிகளில் இன்னொரு ஓட்டை. மூதூரிலிருந்து மாவட்டப் பொது வைத்தியசாலைக்கு அனுப்பினால், அனுப்பியவர் "படிவம் அங்க போடுவாங்க" என்பார், பெற்றவர் "அங்க போட்டிருப்பாங்க" என்பார். முதலில் சந்தேகித்த இடம் போட வேண்டும். போட்ட திகதியை மாற்றுக் கடிதத்தில் எழுத வேண்டும். எழுதியில்லாவிட்டால் பெற்ற இடமும் போட வேண்டும். இரண்டு வந்தால் அலுவலகத்தில் ஒன்றாக்குவார்கள்.

15 வயதுக்குட்பட்ட பிள்ளைக்குத் திடீரென்று கைகால் தளர்ந்தால், போலியோவாக இருக்கலாம் என்பதால், படிவத்தோடு தொலைபேசியும் உடனே. மல மாதிரி இரண்டு, 24 முதல் 48 மணி இடைவெளியில், தளர்ச்சி தொடங்கி 14 நாளுக்குள், பெருவிரலளவு, குளிரில் பொரளை வைத்திய ஆராய்ச்சி நிறுவகத்துக்கு. மாதிரி எடுக்காமல் பிள்ளையை மாற்றி அனுப்பினால் 14 நாள் வழியிலேயே கழிந்துவிடக்கூடும், அதையும் கைமாற்றலில் சொல்ல வேண்டும்.

கூர்க்கழிவு பற்றிச் சொல்ல எல்லோரிடமும் இருப்பதைச் சொல்லாமல், ஒன்றை மட்டும் அழுத்துகிறேன். தமிழில் தேடினால் கிடைக்கும் தாதியர் காணொளிகள் பெரும்பாலும் தமிழ்நாட்டில் எடுத்தவை. அங்குள்ள 2016ஆம் ஆண்டு விதிகளின்படி கூர்ப்பொருளுக்கு வெள்ளை, தொற்றுப் பிளாஸ்டிக்குக்குச் சிவப்பு, கண்ணாடிக்கு நீலம். நம் நாட்டில் தொற்றுக் கழிவு மஞ்சள், கூர்ப்பொருள் சிவப்புக் கோடிட்ட மஞ்சள், சாதாரணக் கழிவு கறுப்பு, உக்கும் கழிவு பச்சை, கண்ணாடி சிவப்பு, கடதாசி நீலம், பிளாஸ்டிக் செம்மஞ்சள். கைப்பேசியில் படித்துவிட்டு வரும் புதியவர் சிவப்பு வாளியில் சேலைன் குழாயைப் போடுவது இதனால்தான். திட்டுவதற்கு முன் எங்கே படித்தார் என்று கேளுங்கள்.

ஊசி குத்தினால்: சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும், பிழியக் கூடாது, குளோரின் ஊற்றக் கூடாது, உடனே பொறுப்புத் தாதிக்கு. எச்.ஐ.வி. தடுப்பு மருந்து வேண்டுமென்றால் முதல் சில மணி நேரத்துக்குள் தொடங்குவது நல்லது, 72 மணி தாண்டினால் பயனில்லை. 28 நாள் எடுக்க வேண்டும். இரவில் குத்தினால் யாருக்குத் தொலைபேசி எடுப்பது, மருந்து எந்த அலுமாரியில் என்பதை ஒரு துண்டில் எழுதி ஒவ்வொரு விடுதியிலும் ஒட்டாமல் இந்தப் பாடத்தை நடத்தவே வேண்டாம்.

தாதியரின் சொந்தத் தடுப்பு விபரத்தையும் பயிற்சியோடேயே எடுத்துவிடுங்கள். செங்கண்மாரி பி தடுப்பூசி மூன்றும் (0, 1, 6 மாதம்) போட்டாரா, கடைசி ஊசிக்கு ஒன்றிரண்டு மாதம் கழித்து இரத்தத்தில் எதிர்ப்புடல் அளவு 10 mIU/mL அல்லது அதற்கு மேல் வந்ததா, கொப்புளிப்பான் முன்பு வந்ததா, கர்ப்பமா. இந்தப் பட்டியல் பொறுப்புத் தாதியின் மேசையில் மூடிய உறையில் இருந்தால், கொப்புளிப்பான் நோயாளி வரும் இரவில் யாரை அந்த அறைக்கு விடக் கூடாது என்று யோசிக்கத் தேவையில்லை.

நாள்: ஒக்டோபர் முடிவதற்குள் எல்லா விடுதிகளையும் ஒரு சுற்றுச் சுற்றிவிடுங்கள், வடகீழ் பருவப்பெயர்ச்சி பிடித்தபின் யாரையும் 20 நிமிடம் பிடிக்க முடியாது. டிசம்பரில் 200 தருணக் கணக்கை மறுபடி எடுங்கள், கூடவே அந்த மாதத்தில் போன எச் 544 படிவங்களில் பத்தை எடுத்து, முகவரியை வைத்து வீட்டைக் கண்டுபிடிக்க முடிந்ததா என்று பரிசோதகரிடமே கேளுங்கள்.